கல்லாவுக்கு இந்தப் பக்கம்

உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், அரசுப் பாடத்திட்டக் கணக்குப் புத்தகத்தை ஒரு ராத்திரி வாங்கிப் புரட்டுங்கள். ‘வாழ்வியல் கணிதம்’ என்று ஒரு பாடம். சதவீதம், லாப நஷ்டம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி., கூட்டு வட்டி, ஆள்-நாள் கணக்கு எல்லாம் அதில் உண்டு. ஜி.எஸ்.டி. 2017-ல்தான் வந்தது, பாடத்திலும் ஏற்றிவிட்டார்கள். பாராட்டத்தான் வேணும். ஆனால் இது யாருடைய வாழ்வியல்? அங்கேதான் உதைக்கிறது.

லாப நஷ்டக் கணக்கில் பிள்ளை பெரும்பாலும் கடைக்காரர். வாங்குகிறார், விற்கிறார், லாபம் பார்க்கிறார். வட்டிக் கணக்கில் அசலைப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கிறார். கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து பழகுகிறார். நம்மில் முக்கால்வாசிப் பேர் நிற்பது இந்தப் பக்கம்!

கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டை, வரிசையாக இரும்பு ஆலைகள். திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்ததும் கான்ட்ராக்டில் ஷிப்டுக்குப் போகிற இடம் இது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. சிப்காட் 1971-ல் தொடங்கியது என்று பையன் ஒப்பிப்பான். முதல் மாசச் சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்தால் முழிப்பான்.

இத்தனைக்கும் அந்தச் சீட்டு சாதாரண சதவீதக் கணக்குதான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய் என்று வையுங்கள். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 பிடிப்பார்கள். முதலாளியும் அதே 1,440 போட வேண்டும். அதில் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், பென்ஷனுக்குப் போகும், மிச்சம்தான் பி.எஃப். கணக்கில் ஏறும். மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் படுக்கும்போது வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். எல்லாமே எட்டாம் வகுப்புச் சதவீதம். பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்பதை, பதிவு செய்த மொபைலில் இருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தே தெரிஞ்சுக்கலாம். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் மூல நிறுவனம் பொறுப்பு. இதெல்லாம் தெரியாதவன் கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதுசாக ஒரு கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டு பழையதை மறந்துபோகிறான். “அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க சார்” என்பான்.

ஆள்-நாள் கணக்கும் அப்படித்தான். பத்துப் பேர் ஆறு நாளில் முடிக்கிறார்கள். ஓவர்டைம் உண்டா, அதற்குச் சட்டப்படி இரட்டைக் கூலி கிடைத்ததா? பாவம், யாரும் கேட்பதில்லை.

வட்டிக்கு வருவோம். தண்டல் தெரியும்தானே? 10,000 என்று எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். பாடத்தின் தனிவட்டிச் சூத்திரத்தைப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 40 சதவீதம் என்று விடை வரும். தப்பு! மறுநாளே திருப்பித் தர ஆரம்பித்துவிடுகிறீர்கள்; ஐம்பதாவது நாளில் பாதிக் கடன் உங்களிடம் இல்லை. உண்மையான வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். மொபைல், பைக் தவணையிலும் இதே சூட்சுமம். அசலை மொத்தமாகப் போட்டு மொத்தமாக எடுக்கிறவருக்குப் பாடம் உதவும். தவணை கட்டுகிறவரை ஏமாற்றும்.

இதற்காக ‘வாழ்க்கைத் திறன்’ என்று தனிப் பாடம், தனிப் பரீட்சை, தனி நோட்ஸ் எல்லாம் வேண்டாம் சாமி! பிள்ளைகள் அதையும் மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். கணக்குகளை மாற்றினால் போதும். இன்னொரு விஷயம், வயசு. பதிமூன்று வயசில் இதைப் படிக்கிற பிள்ளை, ப்ளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப் எடுத்தால் அப்புறம் கணக்குப் பீரியடே கிடையாது. சம்பளம் வாங்கப்போவது பதினெட்டில். ஒன்பது, பத்திலாவது ஒருமுறை திரும்ப வர வேண்டாமா?

புத்தகம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் ஒரு பழைய சம்பளச் சீட்டு கிடைக்கும். டீச்சர் பேரை அடித்துவிட்டு அதைக் கரும்பலகையில் எழுதினால் ஒரு பீரியட் போதும்.