‘மாறும் நியூயார்க்’: படமும் குறிப்பும்

‘மாறும் நியூயார்க்’ என்பது அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பெரெனிஸ் அபாட் (1898–1991) 1935 முதல் 1939 வரை உருவாக்கிய புகைப்படத் தொகுப்பு. இதில் 305 படங்கள் உள்ளன. அவற்றுள் 97 படங்கள் 1939-இல் அதே தலைப்பில் நூலாக வெளிவந்தன. முழுத்தொகுப்பு நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மாறிவரும் ஒரு நகரத்தின் தெருக்களைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் இன்றும் இத்தொகுப்பை முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். படங்களின் அழகைப் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. அவை எதனால் ஆவணங்களாயின, எங்கே குறைபட்டு நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பின்புலம்

அபாட் 1920-களில் பாரிஸில் வாழ்ந்தார். அங்கே முதியவரான யூஜின் அட்ஜேயின் படங்களைக் கண்டார். இடிந்து மறைந்துகொண்டிருந்த பழைய பாரிஸின் சந்துகளையும் கடை முகப்புகளையும் தெரு வணிகர்களையும் அட்ஜே முப்பது ஆண்டுகளுக்கு மேல் படமெடுத்தவர். தம்மை அவர் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஓவியர்களுக்கான ஆவணங்கள் என்றே தம் படங்களை விற்றார். 1927-இல் அவர் இறந்தபின், அவரிடம் எஞ்சியிருந்த படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் வாங்கிக் காப்பாற்றியவர் அபாட்.

1929-இல் நியூயார்க் திரும்பிய அபாட், தாம் விட்டுச்சென்ற நகரம் வேகமாக உருமாறுவதைக் கண்டார். கிரைஸ்லர் கட்டடம் 1930-இலும் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-இலும் எழுந்தன. மறுபுறம் 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் வேலையின்மை பெருகியது. சில ஆண்டுகள் நிதியுதவி தேடி அலைந்த பிறகு, வேலையற்ற கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு தொடங்கிய கூட்டாட்சிக் கலைத் திட்டம் 1935-இல் அவருக்கு ஊதியமும் உதவியாளர்களும் தந்தது. 8-க்கு 10 அங்குல நெகட்டிவ் தரும் பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தி அவர் தெருத்தெருவாகப் படமெடுத்தார்.

படங்களில் தெரியும் தெரு

தொகுப்பில் வானளாவிய கட்டடங்கள் பல உண்டு. ஆனாலும் அன்றாட வாழ்க்கை மிகுதியாகத் தெரிவது மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் எடுத்த படங்களில்தான். பவரி தெருவில் 1935 அக்டோபரில் எடுத்த ‘பிளாசம் உணவகம்’ படத்தில், கடையின் கண்ணாடி முழுவதும் உணவுப் பெயர்களும் சென்ட் கணக்கில் விலைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்திலேயே முடிதிருத்தும் கடை. மந்தக் காலத்தில் ஒரு கூலித்தொழிலாளி எந்த விலையில் வயிறு நிரப்பினான் என்பதைப் பொருளாதார நூல் எதையும் புரட்டாமல் இதில் படித்துக்கொள்ளலாம்.

1936-இல் எடுத்த பைக் தெரு, ஹென்றி தெருச் சந்திப்பின் படத்தில் நெருக்கமான பழைய குடியிருப்புகளுக்கு நடுவே, தெருவின் கோடியில் மன்ஹாட்டன் பாலத்தின் கோபுரம் எழுந்து நிற்கிறது. பழையதையும் புதியதையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்துவது அபாட் மீண்டும் மீண்டும் கையாளும் முறை. ஆகவே இத்தொகுப்பைப் பழமைக்கான ஏக்கம் என்று படிப்பது தவறு. தலைப்பிலேயே ‘மாறும்’ என்ற சொல் இருக்கிறது. அட்ஜேயிடமிருந்து அவர் வேறுபடும் இடமும் இதுவே. அட்ஜே பெரும்பாலும் போகப்போவதை எடுத்தார். போவதும் வருவதும் ஒன்றையொன்று உரசி நிற்கும் நேரத்தை அபாட் எடுத்தார்.

குறிப்பு தரும் பொருள்

ஒவ்வொரு படத்துக்கும் தெருவின் பெயர், பெரும்பாலும் கதவிலக்கம், எடுத்த நாள் ஆகியவை பதிவாகியுள்ளன. திட்டத்தின் ஆய்வாளர்கள் இடங்களைப் பற்றிய வரலாற்றுச் செய்திகளையும் திரட்டினர். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஆர்ச்சர்ட் தெருவும் ஹெஸ்டர் தெருவும் சந்திக்கும் மூலையில், 1938-இல், சோளக்கதிர் சுட்டு விற்கும் ஒருவரை அபாட் படமெடுத்தார். குறிப்பு எதுவும் இல்லையென்றால் இது ஒரு தள்ளுவண்டிக்காரரின் படம். பார்ப்பவர் ‘அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இருந்தது’ என்று ரசித்துவிட்டுப் போவார். ஆனால் இடமும் ஆண்டும் தெரிந்தால் வேறொரு செய்தி புலப்படும். அந்த ஆண்டுகளில் நகரத் தந்தை ஃபியரெல்லோ லா கார்டியா, தள்ளுவண்டி வணிகத்தைத் தெருவிலிருந்து அகற்றிக் கூரையிட்ட சந்தைகளுக்குள் கொண்டுசெல்ல முனைந்தார். அதே பகுதியில் எசெக்ஸ் தெருச் சந்தை 1940-இல் திறக்கப்பட்டது. இதை அறிந்தபின் அந்த மனிதர் பிழைப்புக்கான இடத்தை இழக்கப்போகும் ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாகிறார். படத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. பொருள் முழுவதும் மாறிவிட்டது.

நூல் இழந்தது

1939 நூலின் குறை இங்கேதான் இருக்கிறது. நூலுக்கான உரையைக் கலை விமர்சகர் எலிசபெத் மெக்காஸ்லண்ட் எழுதினார். நகரம் எப்படி மாறுகிறது, அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்று படத்தோடு சேர்ந்து சிந்திக்கும் உரையாக அதை அமைக்க அவர் விரும்பினார். பதிப்பகமோ அவ்வாண்டு தொடங்கிய உலகக் கண்காட்சிக்கு வரும் பயணிகளை மனத்தில் கொண்டது. உரை பெரிதும் மாற்றப்பட்டுச் சுற்றுலா வழிகாட்டிக் குறிப்புகளாகச் சுருங்கியது.

இதைச் சிறிய செய்தி என்று கடந்துவிட முடியாது. கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது, எத்தனை மாடி என்று சொல்லும் குறிப்பும் உண்மைதான். ஆனால் அந்த உண்மை பயணிக்கு உதவுமே தவிர, அந்தத் தெருவில் வாழ்ந்தவரைப் பற்றி எதுவும் சொல்லாது. குறிப்பு இருந்தால் மட்டும் போதாது, அது யாருடைய கேள்விக்கு விடை சொல்கிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இந்நூலே சான்று.

மனிதர்கள் எங்கே?

இன்னொரு குறை அபாட்டுடையதே. பல படங்களில் மனிதர்கள் சிறிதாக, ஓரமாக, முதுகு காட்டி நிற்கிறார்கள். கடைப்பலகை தெளிவாகப் பேசுகிறது, கடைக்காரர் பேசுவதில்லை. மெதுவாக இயங்கும் பெரிய கேமரா இதற்கு ஒரு காரணம். கட்டடத்தின் வழியே மனிதரைக் காட்டலாம் என்ற அவரது நம்பிக்கை மற்றொரு காரணம். விதிவிலக்குகள் உண்டு. ஹூஸ்டன் தெருவருகே வேலையிழந்தோர் அமைத்த குடிசைகளையும் அவர்களையும் 1935-இல் எடுத்த படம் அவற்றுள் முக்கியமானது. அப்படிப்பட்ட படங்கள் தொகுப்பில் குறைவு.

ஏறத்தாழ அதே காலத்தில் நியூயார்க் தெருக்களில் கையடக்கக் கேமராவுடன் நடந்த ஹெலன் லெவிட், விளையாடும் குழந்தைகளையும் வாசற்படியில் அமர்ந்து பேசும் பெண்களையும் எடுத்தார். அபாட்டிடம் இல்லாத உயிர்த்துடிப்பு அங்கே இருக்கிறது. ஆனால் லெவிட்டின் படங்கள் பலவற்றுக்கு ‘நியூயார்க்’ என்பதும் தோராயமான ஆண்டும் மட்டுமே தலைப்பு. அந்தக் குழந்தை எந்தத் தெருவில் நின்றது என்று தேடிப்போக வழியில்லை. ஒருவரிடம் முகவரி இருக்கிறது, மற்றவரிடம் முகம் இருக்கிறது. தெருவாழ்க்கையின் முழு ஆவணத்துக்கு இரண்டும் வேண்டும்.

மதிப்பீடு

டக்ளஸ் லெவியர் என்ற புகைப்படக் கலைஞர், அபாட் நின்ற அதே இடங்களில், அதே பருவத்தில், அதே நேரத்தில் நின்று மீண்டும் படமெடுத்து 2004-இல் நூலாக்கினார். அபாட் நாளையும் இடத்தையும் எழுதி வைத்திருக்காவிட்டால் இந்த ஒப்பீடு நடந்திருக்காது. அபாட் படமெடுத்த பவரி தெருவின் மேல்நிலை ரயில்பாதை 1955-க்குப் பின் இல்லை. கற்கள் பதித்த தெருவில் அதன் தண்டவாளங்கள் விழுத்திய நிழல் அபாட்டின் 1936 படத்தில் மட்டும் இருக்கிறது.

‘மாறும் நியூயார்க்’ குறையற்ற படைப்பு அன்று. அதன் நூல் வடிவம் சுற்றுலாவுக்கு வளைந்தது, அதன் கேமரா மனிதரை விட்டுத் தள்ளி நின்றது. ஆயினும் பின்வந்தவர் சரிபார்க்கவும் ஒப்பிடவும் கேள்வி கேட்கவும் இடம் தருவதால் அது ஆவணமாக நிற்கிறது. இன்று கைப்பேசியில் தம் ஊர்க் கடைத்தெருவைப் படமெடுக்கும் மாணவர் அபாட்டிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நாளும் இடமும் எழுதும் பழக்கம். அபாட்டைத் தாண்டிச் செய்ய வேண்டியது, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார், இனி எங்கே போவார் என்று விசாரித்து, அதையும் படத்தோடு சேர்த்து எழுதிவைப்பது.