வித்தை வேணும், வாத்தியார் வேணாமா?

கப்போயெரா பற்றி யார் எழுதினாலும் ஒரே கதையில்தான் தொடங்குகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குப் பிடித்துவரப்பட்ட அடிமைகள், எசமானர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, சண்டையை நடனம்போல ஆடினார்கள் என்பது அந்தக் கதை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. 1888இல் அடிமைமுறை ஒழிந்ததோடு ஒடுக்குமுறையும் முடிந்துவிட்டது, பிறகு எல்லாம் கொண்டாட்டம்தான் என்கிற எண்ணத்தை இந்தக் கதை உண்டாக்கிவிடுகிறது.

நடந்தது வேறு. இரண்டே வருஷத்தில், 1890ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் தெருவில் கப்போயெரா ஆடுவதைக் குற்றமாக்கியது. இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. கூட்டத்துக்குத் தலைவன் என்றால் தண்டனை இரட்டிப்பு. விடுதலை பெற்ற கறுப்பு உடல் தெருவில் நிமிர்ந்து நிற்பதே அரசுக்குப் பயமாக இருந்திருக்கிறது. 1928இல் அன்னிபால் புர்லமாக்கி எழுதிய கப்போயெரா புத்தகத்தின் தலைப்பிலேயே 'தேசிய உடற்பயிற்சி' என்று வருகிறது. சட்டம் தடுத்துவைத்திருந்த அதே காலத்தில்தான் இதுவும் நடக்கிறது. ஆட்டம் வேணும், ஆடினவன் வேணாம்.

இந்த வித்தை எப்படிக் கைமாறியது? பஸ்தீஞா (1889-1981) தன் கதையைச் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் தன்னைவிடப் பெரிய பையனிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தார். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த பெனெதித்தோ என்ற ஆப்பிரிக்கக் கிழவர், கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். அடிபட்டவனுக்கு அடிபட்ட சமூகம் கொடுத்த கல்வி அது. 'ஹோடா' என்னும் வட்டத்துக்குள் இரண்டு பேர் ஆடுகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் கைதட்டி, பாட்டுக்குப் பதில்பாட்டுப் பாடுகிறார்கள். பெரிம்பாவ் என்கிற ஒற்றைத் தந்தி வில், ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சும்மா வேடிக்கை பார்க்கிறவன் என்று அங்கே யாரும் இல்லை. பாடப் பாட, பார்க்கப் பார்க்கத்தான் வித்தை வருகிறது.

1932இல் சால்வதோரில் பள்ளி திறந்த பிம்பா, அடிகளை வரிசைப்படுத்திப் பாடமாக்கினார். 1937இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. வசதியான வீட்டு வெள்ளைப் பிள்ளைகளும் வந்து கற்றார்கள். அவர் கலையை விற்றுவிட்டார் என்று சொல்வோர் உண்டு. நான் சொல்ல மாட்டேன். போலீஸ் துரத்திய வித்தைக்கு ஒரு கறுப்பர் கூரை போட்டார். போட்டவருக்கு என்ன கிடைத்தது என்பதே என் கேள்வி. 1953இல் குடியரசுத் தலைவர் வார்கஸின் முன்னால் ஆடிக் காட்டியவர், பிழைப்புக்காக 1973இல் ஊரைவிட்டு கோயானியாவுக்குப் போனார், மறுவருஷமே இறந்தார். பஸ்தீஞாவின் பள்ளி இருந்த கட்டடம் சீரமைப்பு என்கிற பெயரில் பறிபோனது. கண்பார்வை இழந்து, வறுமையில் செத்தார். 2014இல் யுனெஸ்கோ ஹோடாவை மனிதகுலத்தின் மரபுச்செல்வம் என்றது.

பிரச்சினை அதோடு தீரவில்லை. 1998இல் உடற்கல்வித் தொழிலுக்குச் சட்டம் வந்ததும், உடற்கல்விக் கவுன்சில்கள் கப்போயெரா ஆசான்களையும் தங்கள் பதிவேட்டுக்குள் இழுக்கப் பார்த்தன. தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தவங்ககிட்ட போய் பட்டம் எங்கேன்னு கேட்டால் எப்படி? ஆசான்கள் எதிர்த்தார்கள். 2010ஆம் ஆண்டு இனச் சமத்துவச் சட்டம், பாரம்பரிய ஆசான்கள் பள்ளிகளில் கற்பிக்கலாம் என்றது. ஆனால் அவர்கள் முறைப்படி அங்கீகரிக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டுமாம். யார் அங்கீகரிப்பது? அதிகாரம் அந்த ஒரு சொல்லுக்குள் மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறது.

ஹோடாவைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. அந்த வட்டத்துக்குள் பெண்கள் இடம் பிடிக்க, ஆசான் என்று பெயர் வாங்க, நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஆசான் சொல்லே வேதம் என்றானால் அங்கேயும் ஒரு எசமான் உருவாகிவிடுவான்.

இதெல்லாம் எனக்கு எதுக்கு? என் தாத்தா பறையடித்தார். அப்பா அதைத் தொட மறுத்தார். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. பறையும் கப்போயெராவும் ஒன்றல்ல. ஒன்று சாதி சுமத்திய ஊழியம், மற்றது சட்டம் தடுத்த ஆட்டம். ஆனால் இன்று பறைக்கு மேடையும் பயிற்சி வகுப்பும் வந்திருக்கும்போது பிரேசில் ஆசான்களின் சண்டை நமக்கும் பாடம்தான். கத்துக்க யார் வேணா வரட்டும். சொல்லிக்குடுக்கிற இடத்துல யாரு உட்காரணும்ங்கிறதை நாமதான் முடிவு பண்ணணும்.