பல்பு எரிந்த பிறகு

‘ஸ்வதேஸ்’ படத்தை நான் முதலில் பார்த்தது ஹாஸ்டலில், யாரோ கொண்டுவந்த மங்கலான சிடியில். பல்பு எரிந்து ஒரு பாட்டியின் முகம் வெளிச்சமாகும் இடத்தில், அறையில் இருந்த எட்டுப் பேரில் ஒருத்தனும் பேசவில்லை. படம் முடிந்ததும் ஒரு நண்பன், “வேலைக்குப் போனதும் ஊருக்கு ஏதாவது செய்யணும்டா” என்றான். செய்தோம். அந்தக் கதை பிறகு.

போன மாதம் மறுபடி பார்த்தேன். அஷுதோஷ் கோவாரிகர் 2004இல் எடுத்த படம். நாசாவில் வேலை பார்க்கும் மோகன், தன்னை வளர்த்த காவேரி அம்மாவைத் தேடி சரண்பூர் கிராமத்துக்கு வருகிறான். ஓடைத் தண்ணீரிலிருந்து ஊருக்கு மின்சாரம் எடுத்துக் கொடுக்கிறான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நீளம்தான் பிடித்திருக்கிறது. பஞ்சாயத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்குவது, இதையெல்லாம் வெட்டாமல் வைத்த வணிக சினிமா குறைவு. ஓர் ஊரில் ஒரு வேலையைத் தொடங்க எத்தனை டீ குடிக்க வேண்டும் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது.

மின்சார வேலை தொடங்கியதும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. அதுவரை ஊரைப் பார்த்த கேமரா இப்போது மோகனை மட்டும் பார்க்கிறது. திட்டமும் பணமும் அவனுடையது. ஊருக்கு மண் வெட்டும் வேலை. கடைசி நேரத்தில் சிக்கல் வந்தாலும் அவனேதான் தண்ணீரில் இறங்குகிறான். சரி, அவன் அமெரிக்கா போன பிறகு இலை அடைத்தால் யார் இறங்குவது?

இது குதர்க்கமான கேள்வி இல்லை. சிறு நீர்மின் நிலையம் என்பதே முக்கால்வாசி இந்தக் கேள்விதான். தண்ணீர் நுழையும் இடத்தில் சேரும் சருகை வார வேண்டும், வண்டலைத் தள்ள வேண்டும், பேரிங்குக்கு கிரீஸ் போட வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலிக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். காசு தராத வீட்டு லைனை வெட்டுவதா, விடுவதா? சாதி பார்க்கும் ஊரில் அந்த முடிவை யார் எடுப்பது? சாதியைப் பற்றி அவ்வளவு பேசும் படம் இந்த இடத்துக்கு வரவே இல்லை.

படத்துக்குத் தூண்டுதலாக இருந்த ஊர் நிஜத்தில் உண்டு. மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் பில்காவ், ஆதிவாசி கிராமம். 2003இல் அங்கே 15 கிலோவாட் நிலையம் ஓடத் தொடங்கியது. எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீட்டில் ஒரே சமயம் கீசர் போட்டால் தீர்ந்துபோகும் மின்சாரம். அதற்குப் பின்னால் நர்மதா இயக்கம், கேரளத்துப் பொறியாளர்கள், வெளிநாட்டு இந்தியர்களின் ‘ஏய்ட்’ அமைப்பு, ஊர்க்காரர்களின் உடலுழைப்பு என்று எத்தனையோ கைகள். சினிமா இத்தனை பேரையும் பிசைந்து ஒரு ஷாருக் கான் ஆக்கியது.

2006 மழைக்காலத்தில் அந்த நிலையம் வெள்ளத்தில் போனது. சர்தார் சரோவர் அணையின் உயரத்தைக் கூட்ட அனுமதி கிடைத்ததும் அதே வருடம்தான். சருகு வாரிக்கொண்டிருந்த யாரும் அந்த உயரத்தைத் தீர்மானிக்கவில்லை. படத்தின் சரண்பூருக்கு அப்படி ஓர் அரசாங்கமே கிடையாது; மின்சாரத்தைச் சரியாகத் தராத அரசாங்கம் மட்டும்தான் உண்டு.

எங்கள் கதை இதைவிடச் சின்னது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். ஒன்பது மாதத்தில் யூபிஎஸ் பேட்டரி செத்தது. தலைமையாசிரியர் போன் பண்ணினார். எனக்கு ஆபீஸில் ரிலீஸ் நேரம். “வாரக் கடைசியில கூப்பிடுறேன் சார்” என்றேன். ரிலீஸ் முடிந்தது, நான் கூப்பிடவில்லை. அடுத்த பொங்கலுக்குப் போனபோது அந்த அறையில் சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, காபி வாங்கி வரச் சொன்னார். ஆபீஸில் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யார் எழுந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு வைக்கிறவன் நான்.

இந்த முறை படம் பார்த்தபோது என் கண் போனது போஸ்ட்மாஸ்டர் நிவாரண் மீது. ஊரில் ஒவ்வொரு வீடும் தெரிந்தவர், இ-மெயில் என்றால் என்ன என்று ஆசையாகக் கேட்கிறவர். படம் அவரைச் சிரிப்புக்கு வைத்திருக்கிறது. டர்பைன் அறையின் சாவியை அவரிடம் கொடுப்பதாக ஒரு காட்சி வருமா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.