காலனி: ஒரு சொல்லும் அதன் எதிர்ச்சொல்லும்

'மாப்பிள்ளை காலனியில இருக்காரு' என்று அரியலூர்ப் பக்கம் சொல்லிப் பாருங்கள். 'எந்தக் காலனி?' என்று உடனே கேள்வி வரும். சிமெண்ட் ஆலைக் காலனி என்றால் வேலை, குவார்ட்டர்ஸ் என்று பேச்சு வளரும். இன்னொரு காலனி என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சிற்றிதழ்க்காரர்களான நமக்கோ மூன்றாவது அர்த்தம்தான் பழக்கம்: காலனியம், பின்காலனியம். காலனிய உலகம் இரண்டாக வெட்டப்பட்ட உலகம் என்று ஃபனோன் சொன்னதை அல்ஜீரியாவோடு வைத்துப் படித்தோம். பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டர் 'காலனியெல்லாம் எறங்கு' என்று ஒருமையில் கத்துவது நம் காதில் விழவில்லை. நானும் இதில் சேர்த்திதான்.

சொல்லின் வேர் வேடிக்கையானது. இலத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் உழுகிறவன். அவனைக் குடியேற்றிய இடம் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். பிற்கால ரோமில் இதே கொலோனுஸ் நிலத்தோடு கட்டப்பட்ட குத்தகைக்காரன் ஆனான். ஓடிப்போக நினைக்கிறவனுக்கு விலங்கு போடலாம் என்று 332இல் கான்ஸ்டன்டைன் சட்டமே போட்டான். பண்ணையாள் என்று தமிழில் எழுதினால் பெரிய பிழை ஒன்றுமில்லை. ஆக, நிலத்தைப் பிடித்தவனையும் நிலத்தில் பிணைக்கப்பட்டவனையும் ஒரே வேர் சுமந்திருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தபோது, உழுகிறவனுக்கு நிலமில்லாத இடத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

எம்.ஏ. வகுப்பில் சொற்பொருள் மாற்றம் நடத்தினார்கள். இழிபொருட்பேறு என்றால் 'நாற்றம்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். சொல் ஏதோ வயதாகித் தானாகக் கெட்டுப்போவது மாதிரி ஒரு விளக்கம். 'சேரி'யைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. சேர்ந்து வாழும் இடம் என்பதுதான் அதற்குப் பொருள், பார்ப்பனச்சேரியும் இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டிலோ 'தீண்டாச்சேரி' வந்துவிடுகிறது. அவன் மகன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றிய ஊர்களிலும் சேரி என்றால் இன்று எந்தச் சேரி என்று யாரும் கேட்பதில்லை.

அரசும் பெயர்களை மாற்றிக்கொண்டேதான் வந்திருக்கிறது. 1922இல் சென்னை மாகாண ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் ஏறியது. அதற்காக எம்.சி. ராஜா போன்றவர்கள் போராடினார்கள். அது அவர்களே கேட்டுப் பெற்ற பெயர், அந்த வேறுபாடு முக்கியம். பிறகு காந்தியின் 'ஹரிஜன்'. 1974இல் தாட்கோ வந்தது. அரசு கட்டிக்கொடுத்த சின்ன கான்கிரீட் வீடு ஜனங்கள் வாயில் 'காலனி வீடு' ஆயிற்று. சேரி என்று சொல்லக் கூசியவர்களுக்குக் காலனி ஒரு நாகரிகச் சொல்லாகக் கிடைத்தது. அதுவும் வசவாக ரொம்ப நாள் பிடிக்கவில்லை. சில பெயர்ப்பலகைகளில் 'காலணி' என்று எழுதியிருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடக்க வைக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்கு இப்படியொரு எழுத்துப்பிழை.

2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், இந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லதுதான். ரேஷன் கார்டிலும் வேலை விண்ணப்பத்திலும் முகவரியே சாதிச் சான்றிதழாக இருக்கக் கூடாது. 'பேரை மாத்துனா எல்லாம் மாறிடுமா' என்று கேலி செய்கிற தோழர்கள் அந்த விண்ணப்பத்தை ஒருமுறையாவது பூர்த்தி செய்திருக்க வேண்டும்.

எனக்குள்ள தகராறு வேறு. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தனியாகக் கிடையாது, பக்கத்துச் சொல்லோடு உள்ள வேறுபாட்டில்தான் கிடைக்கிறது என்று சசூரை நாம் மேற்கோள் காட்டாத மேடை இல்லை. அப்படியானால் காலனியின் பக்கத்துச் சொல் எது? 'ஊர்'. அறிவிப்பு அதைத் தொடவில்லை, தொட முடியாது. ஊர்க்கூட்டம், ஊர்ப்பொது, ஊர்த்திருவிழா, ஊர் வரி: இவை எல்லாவற்றிலும் காலனி வெளியே நிற்கிறது. எந்தச் சாதிப் பெயரும் ஒட்டாமல், பொதுச்சொல் மாதிரி, நம் கவிதைகளிலும் மண்வாசனைக் கதைகளிலும் இந்த ஊர் வந்துகொண்டே இருக்கிறது. 'எங்க ஊர்' என்று எழுதியவர்களிடம் அந்த 'எங்க'வுக்குள் யார் என்று நம் விமர்சனம் எத்தனை தரம் கேட்டிருக்கிறது?

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழையவில்லை. நாளைக்குக் காலனிக்குப் பூப்பெயர் வைத்தாலும் தலைவர் பெயர் வைத்தாலும் கேட்கிறவன் அதே தொனியில் 'எந்த நகர்?' என்று கேட்டுக்கொள்வான்.

செந்துறைப் பக்கம் ஒரு நண்பரின் அம்மா மண்ணெண்ணெய் கேனோடு கிளம்பினார். 'எங்கம்மா?' என்றேன். 'ஊருக்குள்ள போயிட்டு வந்துர்றேன் தம்பி' என்றார். கடை, அவர் பிறந்து வளர்ந்த வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம்.