ஆம்பெக் பேஸ் ஆம்ப்ளிஃபையர்: தரம் குறைந்ததா?

ஆம்பெக் என்பது 1940களில் எவரெட் ஹல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். மேக்னவாக்ஸ் (1971), செயின்ட் லூயிஸ் மியூசிக் (1986), லவுட் (2005), யமஹா (2018) எனப் பல கை மாறியது. உற்பத்தியின் பெரும்பகுதி ஆசியாவுக்குச் சென்றபின் தரம் குறைந்துவிட்டது என்பது பேஸ் கிட்டார் வாசிப்போரிடையே பரவலாக உள்ள குறை.

இக்குறை பாதியளவே உண்மை. 1969இல் வெளிவந்த எஸ்விடி 300 வாட் திறனும் 14 வால்வுகளும் கொண்டது. தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதன் தொடக்க மாதிரிகளில் இருந்த வெளியீட்டு வால்வுகள் நம்பகமாக இல்லாததால் பின்னர் வேறு வகை பொருத்தப்பட்டது. பொற்காலத்திலும் பழுது இருந்தது. பழுதானவை மறைந்துபோக, தாங்கி நின்றவையே இன்று ஒப்பிடப்படுகின்றன. எடை குறைந்ததும் நன்மையே: பொழிச்சலூரிலிருந்து இருசக்கர வண்டியில் கச்சேரிக்குச் செல்பவர் சுமார் 5 கிலோ எடையுள்ள டி வகுப்பு ஆம்ப்ளிஃபையரைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

உண்மையான இழப்பு பழுதுபார்ப்பில்தான். பழைய கருவியில் ரிச்சி தெருவில் வாங்கிய மின்தேக்கியைப் பற்றவைத்து ஓட்டிவிடலாம். புதியதில் நுண்ணிய உறுப்புகள் நெருக்கமாக அமைந்திருப்பதால் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேர்கிறது. இது ஆம்பெக்குக்கு மட்டும் உரிய குறையன்று. எனினும், உதிரிப் பலகை எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.