முடிவு ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது

சட்டம் தந்த அதிகாரத்தை ஒரு வாரியமோ அதிகாரியோ இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அப்படிப் பெற்றவர் அதைத் தனக்குக் கீழே உள்ளவரிடம் மறுபடியும் ஒப்படைக்கலாமா? மூலச் சட்டம் இடம் கொடுத்தாலொழியக் கூடாது என்பதே நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. விதி நல்லதுதான். ஆனால் அது பிடிக்கும் தவறுகளைவிடப் பிடிக்காமல் விடும் தவறுகளே நம் அலுவலகங்களில் அதிகம்.

இந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு 1953இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பர்னார்டு வழக்கு நல்ல சான்று. லண்டன் துறைமுகத்தில் சர்க்கரை இறக்கும் வேலையில் தகராறு. சொன்னபடி வேலை செய்ய மறுத்த தொழிலாளர்கள் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தேசியத் துறைமுகத் தொழிலாளர் வாரியத்திடமிருந்து லண்டன் உள்ளூர் வாரியத்துக்கு வந்திருந்தது. அந்த வாரியத்தில் தொழிலாளர் தரப்பும் முதலாளி தரப்பும் உண்டு. தொழிலாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள், தோற்றார்கள். பிறகு நீதிமன்றம் போய், வாரியம் தன் ஆவணங்களைக் காட்ட நேர்ந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது: உள்ளூர் வாரியம் முடிவே எடுக்கவில்லை, நீக்கியவர் துறைமுக மேலாளர். நிர்வாக வேலையைக் கீழே தரலாம், ஒருவரை விசாரித்துத் தண்டிக்கும் வேலையை எளிதில் தர முடியாது என்றார் நீதிபதி டென்னிங். அடிப்படை உத்தரவே செல்லாததால் மேல்முறையீட்டில் அதை உறுதிசெய்ததும் செல்லாமல் போனது. தங்கள் பிழைப்பைப் பறித்தது யார் என்பதுகூட அதுவரை அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரியாது. மறு ஒப்படைப்பின் மிகப் பெரிய கேடு இதுதான்.

இதே விதி பொதுமக்களுக்கு எதிராகவும் திரும்பும். உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தைப் பஞ்சாப் அரசு தன் உணவு (சுகாதார) அதிகாரியிடம் தந்தது. அவர் அதை உணவு ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார். ஏ.கே. ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று வழக்கையே ரத்து செய்தது. சட்டத்தின் சொற்படி பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் உணவில் கலப்படம் இருந்ததா என்ற கேள்வி விசாரணைக்கே வராமல் முடிந்துபோனது. மாதிரி எடுக்கும் ஆய்வாளர்தான் அந்த விஷயத்தை நேரில் அறிந்தவர். படிக்கட்டில் ஒரு படி தவறியதற்கு விலை கொடுத்தது வாங்கி உண்டவர்கள்.

அமைச்சரோ துறைத் தலைவரோ ஒவ்வொரு கோப்பையும் படிக்க முடியாது என்பதை நீதிமன்றங்களும் அறியும். 1943இல் கார்ல்டோனா வழக்கில், துறை அலுவலர் எடுக்கும் முடிவு அமைச்சரின் முடிவே என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது. என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. அதிகாரத்தை எழுத்தில், ஆணை போட்டு, வெளிப்படையாகக் கீழே கொடுத்தவர் நீதிமன்றத்தில் மாட்டுகிறார். உதவியாளர் எழுதிய குறிப்பின் அடியில், படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர் தப்பிவிடுகிறார். இப்போது அந்தக் கையெழுத்தும் மின்னணுக் கையெழுத்தாகி ஒரு சிறிய டோக்கனுக்குள் வந்துவிட்டது. அந்த டோக்கனும் கடவுச்சொல்லும் கணினி உதவியாளரிடம் இருந்தால், அதிகாரம் முழுமையாக அவரிடம் போய்விட்டது என்று பொருள். காகிதத்தில் மட்டும் அதிகாரி இருப்பார். மனத்தைச் செலுத்தாமல் போட்ட உத்தரவு செல்லாது என்று தீர்ப்புகள் உண்டு. ஆனால் படிக்கவில்லை என்பதைச் சான்றிதழ் கேட்டு நிற்கும் ஒருவர் எப்படி நிரூபிப்பார்?

அப்படியானால் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடலாமா? தமிழ்நாட்டில் செய்து பார்த்தாயிற்று. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை 1989 நவம்பர் வரை தாசில்தார் கொடுத்தார். பொய்ச் சான்றிதழைத் தடுக்க அது கோட்டாட்சியரிடம் போனது. அக்கறையில் பிறந்த மாற்றம்தான். ஆனாலும் இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அந்த ஒரு தாளுக்காக அலைவது இன்றும் நிற்கவில்லை. கோட்டாட்சியர் பெரும்பாலும் நம்பியிருப்பது கீழிருந்து வரும் அறிக்கையைத்தான். ஆக, முடிவு கீழேயே உருவாகிறது, தாமதம் மட்டும் மேலே கூடுகிறது.

இதில் கொடுப்பதையும் மறுப்பதையும் ஒன்றாக வைத்ததுதான் பிழை என்பது என் கருத்து. சான்றிதழ் கொடுக்கும் அதிகாரத்தைச் சட்டப்படி, வெளிப்படையாகத் தாசில்தாருக்கு இறக்கலாம். பொய் என்று பின்னால் தெரிந்தால் விசாரித்து ரத்து செய்ய மாநிலக் கூர்நோக்குக் குழு இருக்கவே இருக்கிறது. மறுக்கும் அதிகாரம் மட்டும் கோட்டாட்சியரிடமே இருக்கட்டும். மறுக்கும் முன் அவர் அந்தக் குடும்பத்தை நேரில் கேட்க வேண்டும். யார் விசாரித்தார், யார் முடிவு செய்தார் என்ற இரண்டு பெயர்களையும் மறுப்பு ஆணையிலேயே எழுதித் தர வேண்டும்.