திரும்பப் பெற்றால் போதுமா?

வெளியான மருத்துவ ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழ் திரும்பப் பெறும்போது அதை அழித்துவிடுவதில்லை. 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு கட்டுரை அங்கேயே இருக்கும். நம்பத் தகாத சான்று எது என்பது பின்வருவோருக்குத் தெரியவேண்டும் அல்லவா? தவறை மறைக்காமல் ஊரறியச் சொல்வதே இம்முறையின் பெருமை.

இதன் பெருங்குறை தாமதம். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் 12 குழந்தைகளை ஆராய்ந்து 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, தட்டம்மை முதலியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்ற அச்சத்தைக் கிளப்பியது. 2004-இல் உடன் எழுதியவர்களில் 10 பேர், தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய விளக்கத்தைக் கைவிட்டனர். ஆனாலும் முழுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது 2010-இல்தான். அதற்குள் பிரிட்டனில் தடுப்பூசி போடுவது குறைந்து, தட்டம்மை மீண்டும் பரவியிருந்தது. அந்த அச்சம் இன்றும் முழுதாக நீங்கவில்லை.

மனம் வைத்தால் விரைந்தும் செய்யலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனா நோயாளிகளுக்கு ஆபத்து என்று 2020 மே 22-இல் அதே இதழ் வெளியிட்ட கட்டுரை, 96,032 நோயாளிகளின் தரவு தன்னிடம் இருப்பதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தின் சோதனையையே நிறுத்தி வைத்தது. பிற ஆய்வாளர்கள் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினர். தரவு வைத்திருந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதை முழுமையாகத் தணிக்கைக்குத் தர மறுத்தது. 13 நாளில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் வேகம் மட்டும் நீதியாகிவிடாது. வைலி குழுமத்தின் ஹிந்தாவி பதிப்பகம், மதிப்பாய்வில் மோசடி நடந்ததென்று 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. மருத்துவக் கட்டுரைகளும் அவற்றில் உண்டு. அதன் அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு: பல குறைகளைப் பட்டியலிட்டு, இவற்றில் ஒன்றோ பலவோ இருப்பதாகச் சொல்லும்; ஆசிரியருக்கு மோசடியில் பங்குண்டா என்று விசாரிக்கவில்லை என்றும் சொல்லும். குற்றவாளிக்கும் ஏமாந்தவருக்கும் ஒரே முத்திரை. தன் பிழையைத் தானே கண்டு முன்வரும் நேர்மையான ஆய்வாளரும் இந்தப் பழிக்கு அஞ்சித் தயங்குவார்.

ஆகவே திரும்பப் பெறல் தேவையே. அது காரணத்தையும் பொறுப்பையும் தெளிவாகச் சொல்லவேண்டும், காலம் கடத்தாமல் வரவேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்ச் சான்றை நம்பித்தான் எங்கோ ஒரு மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதுகிறார்.